கையைத் திருப்பிக் கேட்ட படை

என் படை வேலைநிறுத்தம் செய்த ஆவணி மாதத்தில் எங்கள் குடியிருப்பில் ஒருவருக்கும் சொந்த வேலை ஓடவில்லை, மோட்டார் போடுகிறவர் மோட்டார் போட மறந்தார், டெய்லர் சாந்தாமணி பாதி தைத்த ஜாக்கெட்டுகளை மெஷின் மேலேயே போட்டுவிட்டு என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தாள், ஆனாலும் ஒருவர்கூட 'பொம்மை எப்படி வேலைநிறுத்தம் செய்யும்' என்று கேட்கவில்லை, ஏனென்றால் சிங்காநல்லூரைத் தாண்டி இருக்கும் இந்தக் குடியிருப்பில் வசிப்பவர்கள் எல்லோரும் மூடிப்போன ஒரே மில்லின் ஆட்கள், ஓடுகிற மெஷினை ஒரு கையசைப்பில் நிறுத்திப் பழகியவர்கள், அவர்களுக்கு ஒரு பிளாஸ்டிக் பொம்மை வேலையை நிறுத்துவதில் என்ன அதிசயம் இருந்துவிடப் போகிறது. அதிசயப்பட்டவன் நான் ஒருவன்தான் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் எனக்கு வந்தது எரிச்சல் மட்டும்தான்.

படை என்றால் கட்டைவிரல் உயரப் படை. உலகம் கருகிப்போய், சூரியன் அவிந்த அடுப்புக் கரி மாதிரி மங்கிப்போய், கோயிலெல்லாம் பீரங்கியாகி, பீரங்கியெல்லாம் கோயிலாகி, ஒருத்தனுக்கும் ஒரு நல்லதும் நடக்காத ஏதோ ஒரு வருங்காலத்தில் இரண்டு சைன்யங்கள் மோதிக்கொள்ளும் விளையாட்டு அது. மேஜை மேல் ஆடுவது. அளவு டேப் வைத்து அளந்து நகர்த்த வேண்டும், பகடை உருட்டிச் சுட வேண்டும். என்னை இதில் இழுத்துவிட்டவர் பி பிளாக் டாக்டர் பெனடிக்ட். மில் ஆட்கள் அத்தனை பேருக்கும் பல் பிடுங்கியவர், ஓய்வு பெற்ற பிறகு பிடுங்குவதற்கு ஒன்றும் இல்லாமல் தவித்தபோது கனடாவில் இருக்கும் மகன் ஒரு பெட்டி பொம்மையும் ஒரு சட்டப் புத்தகமும் அனுப்பிவைத்தான். எதிரில் உட்கார ஆள் வேண்டுமே என்று என்னைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆடினோம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தோற்றேன்.

டாக்டர் பெட்டி மேல் என்ன படம் போட்டிருக்கிறதோ அதே மாதிரி ஒட்டுவார், அதே மாதிரி பெயிண்ட் அடிப்பார், அவருடைய வீரர்கள் அப்போதுதான் பல் துலக்கி வந்தவர்கள் மாதிரி வரிசையில் நிற்பார்கள். எனக்கு அது ஆகாது. ஒரே அச்சில் வார்த்த ஆளை அப்படியே நிற்கவைக்க நான் எதற்கு, தீப்பெட்டி லேபிள் ஒட்டுகிறவனே போதுமே. அதனால் நான் வெட்டினேன். டவுன்ஹால் பக்கத்துக் கடைகளில் குப்பைக்குப் போக இருந்த பொம்மைகளை எல்லாம் பொறுக்கி வந்தேன்; கொலுச் செட்டில் மீந்த பால்காரன், பொம்மை ரயிலின் டிக்கெட் பரிசோதகர், குடை பிடித்த டீச்சரம்மா, கை காட்டும் டிராபிக் போலீஸ், கல்யாண கேக்கின் மேல் நிற்கும் மாப்பிள்ளை. டாக்டர் கொடுத்த பழைய குத்தூசியாலும் பிளேடாலும் அவர்கள் கையைத் தோளோடு எடுத்துவிட்டு, விலை உயர்ந்த பெட்டியில் மிச்சமிருந்த ஆயுதக் கைகளை ஒட்டினேன். ரம்பம் பிடித்த கை, தீ உமிழும் குழாய் பிடித்த கை, நகத்துக்குப் பதில் கத்தி முளைத்த கை. பைப் ஒழுகினால் அடைக்கிற மக்கை உருட்டிக் கவசம் கட்டினேன், மோட்டார் காயில் கம்பியை முறுக்கி முள்வேலி செய்தேன், கடுகில் மண்டையோடு செதுக்கினேன், நம்பாதவர்கள் லென்ஸோடு வரலாம். எல்லாவற்றையும் கறுப்பு ஸ்ப்ரேயில் முக்கி எடுத்த மாதிரி அடித்து, பழுப்புச் சாயத்தைத் தண்ணீராகக் கரைத்து இடுக்குகளில் ஓடவிட்டு, பிரஷ்ஷைத் துணியில் துடைத்துத் துடைத்து அதில் பெயிண்டே இல்லை என்ற நிலைக்கு வந்த பிறகு விளிம்புகளில் மட்டும் தேய்த்தால், அந்த மாப்பிள்ளை முகத்தில் வருகிற கொடூரத்தைப் பார்த்து எங்கள் வீட்டுப் பல்லியே இடம் மாறிப்போனது.

இந்தப் படையை எதற்கு அவ்வளவு வெறியோடு கட்டினேன் என்றால், டாக்டர் போகிறார். ஆவணி கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் கனடாவுக்கு, மகனோடு, ஒரேயடியாக. திரும்பி வருகிற உத்தேசம் இல்லை, வீட்டுக்கு ஆள் பார்த்தாகிவிட்டது. அந்தக் கடைசி ஞாயிறு ஆட்டத்தில் ஜெயித்தால்தான் உண்டு, இல்லாவிட்டால் வாழ்நாள் பூராவும் ஒரு பல் டாக்டரிடம் தோற்றுக்கொண்டே இருந்தவன் என்ற பெயரோடு நான் போய்ச் சேர வேண்டும். ஒரே ஒரு தடவை. அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

அதற்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு காலையில் அலமாரியைத் திறக்கிறேன், படை முழுக்க எனக்கு முதுகைக் காட்டி நிற்கிறது. ஆயுதக் கைகள் எல்லாம் கழன்று கிடக்கின்றன. கழன்று கிடந்தால் பசை சரியில்லை என்று போயிருப்பேன், ஆனால் அடுக்கி வைத்திருந்தார்கள். ரம்பம் ரம்பத்தோடு, குழாய் குழாயோடு, ஷிஃப்ட் முடிந்து கருவியை ஒப்படைத்த மாதிரி. திரும்ப ஒட்டினேன். மறுநாள் திரும்பக் கழற்றி, திரும்ப அடுக்கி, திரும்ப முதுகு. பசையை மாற்றினேன், தோளில் ஊசித் துளை போட்டுக் கம்பி கொடுத்து இறுக்கினேன், கம்பியையும் உருவி நீளவாரியாக அடுக்கியிருந்தார்கள்.

"ராஜாமணி, இங்க வந்து பாரு" என்றேன்.

என் வீட்டுக்காரி ராஜாமணி வந்தாள், பார்த்தாள். "அதுகளுக்கு நல்லா வேணும்ங்க. டீ ஆறிப்போச்சு, வந்து குடிங்க" என்று போனாள். நல்லா வேணும் என்பது அதுகளுக்கா எனக்கா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

சி பிளாக் மருதாசலம் அன்று மோட்டார் கணக்கு பேச வந்தவர், அலமாரியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார். மருதாசலம் மில் சங்கத்தின் தலைவராக இருந்தவர், மில் மூடியதிலிருந்து பேசுவதற்குத் தரப்பு இல்லாமல் உடம்பு இளைத்துப்போனவர். நான் மில்லில் ஸ்பின்னிங் மேஸ்திரி. அவர் கேட் மீட்டிங்கில் என் பெயரைச் சொல்லித்தான் தொண்டையைச் சரிபண்ணிக்கொள்வார்.

"இது ஸ்டிரைக்குங்க மேஸ்திரி" என்றார்.

"பசை போதலைங்க."

"பசை போதாதவன் முதுகைத் திருப்புவானுங்களா? கருவியை எறியலை, ஒடைக்கலை, ஒப்படைச்சிருக்கறாங்க. முறையான ஸ்டிரைக்குங்க. யாரோ வெவரமானவன் உள்ள இருக்கறான்." குனிந்து டிக்கெட் பரிசோதகரை மரியாதையாகப் பார்த்தார். மருதாசலத்தின் முகத்தில் ரத்த ஓட்டம் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்து அவர் அன்று மதியம் இரண்டு தடவை சாதம் வாங்கிச் சாப்பிட்டார்.

சாயந்திரத்துக்குள் என் அலமாரி என்னுடையது இல்லை என்றாகிவிட்டது. ஒரு கைக்குட்டையைப் பந்தலாகக் கட்டினார்கள், குச்சியில் சிவப்புத் துணி ஏறியது, ஏ பிளாக் பெண்கள் முறை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு மூடியில் தண்ணீர் வைத்தார்கள், வெயில் படுகிறது என்று அலமாரியையே இடம் மாற்றினார்கள், பக்கத்துக் குடியிருப்பிலிருந்து பார்க்க வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போகிற போக்கில் தங்கள் செயலாளரோடு சண்டை போட்டார்கள், வருஷக்கணக்காகக் கழுவாத எங்கள் தண்ணீர்த் தொட்டியை இதுதான் சமயம் என்று கழுவ வைத்தார்கள், கணவனோடு மனஸ்தாபம் உள்ளவர்கள் வந்து சமையல் செய்யாமல் என் வீட்டில் உட்கார்ந்து படைக்கு ஆதரவு தெரிவித்தார்கள், ஆதரவு தெரிவித்தவர்கள் எல்லோருக்கும் ராஜாமணி என் பாலில் டீ போட்டாள். என்னை யாரும் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. "பாவம், நிர்வாகம்" என்று சாந்தாமணி என் காதுபடச் சொன்னாள்.

டாக்டர் வந்து எட்டிப் பார்த்தார். "என் பசங்க நல்லாத்தான் நிக்கறாங்க. நீங்க வெட்டி ஒட்டறதை நிறுத்துங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஞாயித்துக்கிழமை ஆட்டம் உண்டுல்ல மேஸ்திரி? பெட்டியெல்லாம் கட்டியாச்சு. படையை மட்டும் வெளியிலதான் வெச்சிருக்கேன்" என்றார்.

"உண்டு" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன், கடவாய்ப் பல் ஆடுவதை அவர் நின்ற இடத்திலிருந்தே கவனித்துவிட்டார்.

பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தோம். என் பக்கம் நான் ஒருவன். எதிரே மருதாசலமும் அவருக்குப் பின்னால் குடியிருப்பும்.

"அவங்க வாயே தெறக்கலை. என்ன கோரிக்கைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"மேஸ்திரி, நான் சங்கம் நடத்துன காலம் பூரா வாய் தெறக்காதவங்களுக்குத்தானுங்க பேசுனேன். வாய் தெறக்கறவனுக்கு நான் எதுக்கு?" என்றார். "கூலி கேக்கலை. லீவு கேக்கலை. அவங்க கை வேணுங்கறாங்க."

"கைதான் குடுத்திருக்கேனே. ஒவ்வொண்ணும் என்ன வேலைப்பாடு தெரியுங்களா?"

"அது நீங்க குடுத்த கை. அவங்க கையை என்ன பண்ணுனீங்க?"

வெட்டிய கைகளை நான் எறியவில்லை. வெட்டுகிறவன் எதையும் எறிய மாட்டான், என்றைக்காவது எதற்காவது ஆகும் என்று ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருந்தேன். ஆனால் அத்தனையும் ஒன்றாகக் கலந்து கிடந்தன, எது யாருடையது என்று எனக்கு நினைவில்லை, நினைவு வைத்துக்கொள்ள வேண்டிய விஷயமாக எனக்குத் தோன்றவும் இல்லை. அதைச் சொன்னதும் கூட்டம் முதன்முறையாக என்னைத் திட்டியது.

பாட்டிலை நியூஸ் பேப்பரில் கவிழ்த்தார்கள். ராஜாமணி ஒரு கையை எடுத்தாள், அரிசிமணி அளவில் குடை பிடித்த கை, டீச்சரம்மாவின் தோளில் வைத்து அழுத்தினாள். பசையே இல்லாமல் பிடித்துக்கொண்டது. டீச்சரம்மா மெதுவாகத் திரும்பி, நான் அவள் மேல் பூசிய துருவோடும் மண்டையோட்டு மாலையோடும், எங்களைப் பார்த்து நின்றாள். அப்புறம் குடியிருப்பே உட்கார்ந்துவிட்டது. ஒரு கையைப் பத்துப் பேருக்கு வைத்துப் பார்த்தார்கள், தப்பான ஆளுக்கு வைத்தால் உதிர்ந்தது, சரியான ஆளுக்கு வைத்தால் ஒட்டிக்கொண்டு ஆள் திரும்பினான், அவன் திரும்பும்போதெல்லாம் கையைக் கண்டுபிடித்தவள் அவனை என்னமோ தான் பெற்ற மாதிரி பார்த்துக்கொண்டாள். மாப்பிள்ளைக்கு எந்தக் கையை வைத்தும் நிற்கவில்லை. கடைசியில் பூச்செண்டோடு ஒரு கை அகப்பட்டது, அவன் கை பூச்செண்டோடு இருந்ததையே நான் மறந்திருந்தேன்.

"எடுத்தப்ப பாக்கலீங்களா?" என்றாள் சாந்தாமணி.

"எடுக்கறவன் எடுக்கற எடத்தைத்தாம்மா பாப்பான்" என்றேன். அந்தப் பேச்சு எனக்கே நல்லபடியாகக் கேட்கவில்லை.

ஸ்டிரைக் வாபஸ். மாலை போட்டார்கள், மருதாசலத்துக்கு. எனக்கு ஞாயிற்றுக்கிழமைக்குப் படை கிடைத்தது. என்ன படை? கடைசி உலகத்தின் கடைசி நாளில், கரியும் ரத்தமும் துருவும் வழிய, முள்வேலி சுற்றி, பால் கேன் பிடித்து ஒருவன், டிக்கெட் துளையிடும் கருவியோடு ஒருவர், குடையோடு ஒருத்தி, 'நில்' என்று வெறும் கையை நீட்டிக்கொண்டு ஒரு போலீஸ், பூச்செண்டோடு ஒரு மாப்பிள்ளை.

இதில் என் வயிற்றெரிச்சல் என்னவென்றால் சட்டம். இந்த விளையாட்டில் ஆளின் கையில் கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதுதான் அவன் ஆயுதம். கையில் கத்தி இருந்தால் கத்தி, துப்பாக்கி இருந்தால் துப்பாக்கி, மனதுக்குள் துப்பாக்கி என்று வைத்துக்கொள்வதெல்லாம் செல்லாது. மற்ற ஊர்களில் எப்படியோ, டாக்டர் இதில் ஒரு நூல்கூட விட்டுக்கொடுக்க மாட்டார். ஒரு தடவை என் தளபதியின் துப்பாக்கி முனை ஒடிந்திருந்தது என்று அன்று முழுக்க அவனைச் சுட விடவில்லை. அவரிடம் போய்க் குடையைப் பீரங்கியாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் பல்லைப் பிடுங்கிவிடுவார்.

ஆனாலும் ஒரு வழி இருந்தது. மேஜை நடுவில் ஒரு பாழுங்கிணறு. ஆட்டம் முடியும்போது கிணற்றடியில் எவன் ஆட்கள் அதிகமாக நிற்கிறார்களோ அவன் ஜெயித்தான். சுட முடியாவிட்டால் என்ன, நடக்கலாமே. இடிந்த சுவர் மறைவில், பீரங்கிக் கோயில் நிழலில், பதுங்கிப் பதுங்கி, பாதிப் பேர் செத்தாலும் மீதிப் பேர் போய் நின்றுவிட்டால் போதும். ஆயுதமே இல்லாமல் டாக்டரை ஜெயித்தால் அது எப்படிப்பட்ட ஜெயம். நினைக்க நினைக்க எனக்குப் பசி எடுத்தது.

ஞாயிறு காலை அசோசியேஷன் ஹாலில் டேபிள் டென்னிஸ் மேஜை மேல் தெர்மோகோல் இடிபாடுகளை அடுக்கினோம். எப்போதும் எங்கள் ஆட்டத்தைப் பார்க்க ஃபேன் மட்டும்தான் சுற்றும். அன்று குடியிருப்பே வந்திருந்தது. நான் நகர்த்தினேன். டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டு அளந்தார், பகடையை உருட்டினார். பால்காரன் சுவருக்கு வெளியே கேனோடு நின்றிருந்தான், என் தப்புதான், விழுந்தான். சட்டப்படி அவனை நான்தான் படுக்கவைக்க வேண்டும், படுக்கவைத்தேன்.

ஹாலே கழுத்தை நீட்டிப் பார்த்தது.

"பால்காரனைச் சுட்டுப்போட்டாருங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"அவனுக்குக் கையைத் தேடி நான் ராத்திரி சோறே ஆக்கலை" என்றாள் சாந்தாமணி. ராஜாமணி டாக்டர் முன்னால் இருந்த பஜ்ஜித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மருதாசலம் மட்டும் எழுந்து நின்றார், துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"விளையாட்டுங்க இது" என்றார் டாக்டர்.

"அது தெரியும்ங்க. நீங்க வெளையாடுங்க" என்றார் மருதாசலம்.

அடுத்த முறையில் டீச்சரம்மா வெட்டவெளியைக் கடக்க வேண்டியிருந்தது. வேறு வழி இல்லை, கடந்தாள். டாக்டரின் கோடாரிக் கேப்டன், அவர் மகன் அனுப்பிய முதல் பெட்டியின் முதல் ஆள், ஒரு சாண் தூரத்தில் நின்றான்; சட்டத்தில் கோடாரியை வீசுவதும் சுடுவதுதான். டாக்டர் அளந்தார். தூரம் சரியாக இருந்தது. பகடையைக் கையில் குலுக்கினார், குலுக்கினார், குலுக்கிக்கொண்டே இருந்தார்.

"சுடுங்க டாக்டர்" என்றேன்.

"குடை புடிச்சிட்டு நிக்கறாய்யா."

"அதனால என்ன? போன வருஷம் என் மருத்துவப் படையையே தீ வெச்சுக் கொளுத்தினீங்க."

"அப்ப அவங்க கையில குழாய் இருந்தது. கையில என்ன இருக்கோ அதுதானே. குடை இருக்கு. இவ ஸ்கூலுக்குப் போற மாதிரி இருக்கு."

"நீங்க சுடலைன்னா நான் கிணத்துக்குப் போயிடுவேன். ஜெயிச்சிடுவேன்."

"ஜெயிச்சுக்கங்க மேஸ்திரி. நான் குடுத்துடறேன்."

எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல. இத்தனை ஞாயிற்றுக்கிழமை ஒரு புள்ளி விட்டுக்கொடுக்காத மனுஷன், துப்பாக்கி முனை ஒடிந்ததற்கு நாள் பூராவும் அழவைத்த மனுஷன், விமானம் ஏறப் போகிற சமயத்தில் எனக்குப் பிச்சை போடுகிறார். "குடுத்த ஜெயம் எனக்கு வேண்டாம். உருட்டுங்க. உருட்டினாத்தான் ஆச்சு" என்று மேஜையைத் தட்டினேன், ஒரு கோபுரம் சரிந்தது. "பயமா? உருட்டி வராமப் போயிடும்னு பயமா?"

"வந்துடும்னுதான்யா பயமா இருக்கு" என்றார் டாக்டர். பகடையைச் சட்டைப் பையில் போட்டார். "என் முறை நடந்துட்டிருக்கு. யோசிச்சுச் சுடறேன்." எழுந்து போய்விட்டார். மறுநாள் டாக்ஸி வந்தபோது நான் கீழே இறங்கவில்லை. பால்கனியிலிருந்து, "ஆட்டம் முடியலைங்க" என்று கத்தினேன். அவர் பகடை இருந்த சட்டைப் பையைத் தட்டிக் காட்டிவிட்டு ஏறினார்.

ஆட்டம் முடியாத மேஜையைக் கலைக்க நான் சம்மதிக்கவில்லை, கலைக்கலாம் என்று சொல்ல ஒருவருக்கும் தைரியமும் இல்லை. பொதுக்குழுவை அதைச் சுற்றித்தான் நடத்தினார்கள். ஒரு வளைகாப்புக்குக்கூட மேஜையை ஓரமாக, யாரும் சாயாமல், நான்கு பேர் நான்கு காலைப் பிடித்து நகர்த்திவிட்டு, முடிந்ததும் அதே இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். டீச்சரம்மா குடையோடு வெட்டவெளியில் நிற்கிறாள், கேப்டன் கோடாரியோடு நிற்கிறான், பெண்கள் தூசி தட்டும்போது இருவரையும் நலம் விசாரித்துத் தட்டுகிறார்கள். வாரா வாரம் டாக்டர் வீடியோவில் வருவார், பின்னால் வெள்ளை வெளேரென்று பனி. "உருட்டிட்டீங்களா?" என்பேன். "தூரம் ஒருக்கா அளந்து சொல்லுங்க" என்பார். அளப்பேன். அதே தூரம்தான். "யோசிக்கறேன்" என்பார். அந்தப் பொறுமை எனக்கு எங்கிருந்து வந்தது என்று ராஜாமணி கேட்கிறாள், பொறுமையாவது ஒன்றாவது, ஒவ்வொரு வாரமும் போனை வைத்த பிறகு தலையணையைக் குத்துகிறேன்.

போன வாரம் காலையில் ஹாலைத் திறந்தால் கேப்டன் நகர்ந்திருக்கிறான். டீச்சரம்மாவின் குடைக்குக் கீழே நிற்கிறான், கோடாரி கழன்று காலடியில் கிடக்கிறது. வெட்டாத ஆள், படத்தில் போட்டபடி ஒட்டிய ஆள், அவனுக்கு என்ன கோரிக்கை என்று மருதாசலத்தாலேயே சொல்ல முடியவில்லை. வெயிலாக இருந்திருக்கும் என்றார் கடைசியில்.

டாக்டருக்கு வீடியோவில் காட்டினேன். கண்ணாடியை ஏற்றி ஏற்றிப் பார்த்தார்.

"கோடாரியை எடுத்துக் கையில வெச்சு ஒட்டிவிடுங்க மேஸ்திரி. ஒரு சொட்டுப் பசை போதும்."

"எதிராளியோட ஆளை நான் தொடக் கூடாது. சட்டம். நீங்கதான் படிச்சுக் காட்டினீங்க."

"நான் சொல்றேன், தொடுங்க."

"தொட மாட்டேன். உங்க ஆளு, உங்க கோடாரி, உங்க முறை. வந்து ஒட்டுங்க, ஒட்டிட்டுச் சுடுங்க, சுட்டுட்டு என்கிட்ட தோத்துட்டுப் போங்க."

பனி விழுந்துகொண்டிருந்தது. டாக்டர் சட்டைப் பையில் கைவிட்டு எதையோ குலுக்கும் சத்தம் கேட்டது.

"ஏப்ரல்ல வரட்டுங்களா?" என்றார்.

"ஒரு முறைக்கு இவ்வளவு நேரம் எடுத்துக்கற ஆளை நான் பாத்ததே இல்லீங்க" என்று சொல்லி, போனை வைத்தேன்.